வேகம் கூட்டும் பட்டன்

"இன்னாப்பா ரிப்பேர் பண்ணே? கம்ப்யூட்டர் மறுபடியும் மெதுவாத்தான் கெளம்புது!" குடியாத்தம் லுங்கி வியாபாரி நந்தகோபால் கத்தினார்.

வேலூரிலிருந்து மூன்றாவது முறையாக வந்திருந்த மெக்கானிக் முனிரத்தினம் சிரித்தான். "பெட்டி முன்னாடி இருக்குற வேகம் கூட்டுற பட்டனை யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க சார். இதோ, சரியாய்டுச்சு."

"உங்க முதலாளிகிட்ட சொல்லி உன் வேலையைக் காலி பண்ணிடுவேன்!"

"அவசரப்படாதீங்க சார். மறுபடி மெதுவானா சொல்லி அனுப்புங்க, உடனே வர்றேன்."

அவன் போனதும் மனைவி தனபாக்கியம் பொரிந்தாள். "பட்டனை நீங்களே அணைச்சுட்டு, அந்தப் புள்ளையை எதுக்குத் திட்டுறீங்க?"

"தரகர் குடுத்த இவன் ஜாதகம் நம்ம பொண்ணுக்குப் பொருந்திடுச்சு. ஆனா பையன் கோவக்காரனான்னு அதுல தெரியாதே! பூங்காவனம் உன் பொண்ணாச்சே, கட்டிக்கப் போறவனுக்குப் பொறுமை ஜாஸ்தி வேணும்!"