தட்டு மாற்றும் நேரத்தில்

"தும்மல் மாத்திரை போட்டியாடா?" என்றாள் உண்ணாமலை, ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறியதுமே.

"காலேஜ்லேர்ந்து முழுங்கிக்கிட்டே இருக்கேம்மா. உடம்புக்கு ஆகாதுங்கறாங்க. இனிமே தூதுவளைக் கஷாயந்தான்," என்றான் காசிநாதன்.

அந்தக் கஷாயத்தையும் காலையிலேயே வாழைக்கு ஊற்றியிருந்தான். இப்போது கல்யாணம் வேண்டாமென்று வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டு மாற்றும்போது ஓர் ஒற்றைத் தும்மல் போட்டால், அபசகுனமென்று சம்பந்தம் தானாக முறிந்துவிடும்.

பெண் வீட்டில் சாம்பிராணி புகைந்தது. பெரியவர்கள் தட்டைக் கையிலெடுத்தார்கள்.

"ஹச்!" என்றான் காசிநாதன்.

பெரியவர்கள் தட்டைத் திரும்பக் கீழே வைக்கப் போனார்கள். மறு நொடியே பெண் மேகலாவும் "ஹச்!" என்றாள்.

"ஒத்தைத் தும்மல்தாங்க ஆகாது. இது ரெட்டைத் தும்மல், அமோகம்! தை மாசமே வெச்சுடுவோம்," என்றார் அவளுடைய தாய்மாமன். தட்டு மாறியது.

தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். மேகலா அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

"இதுக்குன்னே நான் மாத்திரைய நிறுத்தியிருந்தேன். நீங்க கொஞ்சம் அடக்கியிருக்கக் கூடாதா? என் ஒத்தைத் தும்மலே போதுமே!"

அப்போதுதான் காசிநாதனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.