ரூத் அத்தையின் அறை

ரிச்சர்ட்ஸ் டவுனில், கதை எழுதிப் பேர்பெற்ற அண்ணனும் தங்கையும் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். முன்னறையில் காலை வெயில் அண்ணனின் மேசைமேல் விழுகிறது. யாரும் தொடாதபடி சுற்றிலும் சிவப்புக் கயிறு. அவர் மகள் ஹெப்சிபா அதைக் கடந்து பின்பக்கம் வந்து நிற்கிறாள். ரூத் அத்தை எழுதிய அறையின் கதவில் பாவாடை போட்ட பொம்மைப் படம். உள்ளே பினாயில் நெடி. ஜன்னலடியில் அத்தையின் மேசை கிடந்த இடத்தில் கைகழுவும் தொட்டி, குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. "டாய்லெட் எங்கேன்னு எல்லாரும் கேக்கறாங்க மேடம்," என்கிறாள் வழிகாட்டி மமதா. "தங்கச்சியம்மா கிச்சன்லதானே இருந்தாங்க? அதைத் தொடவேயில்லை. அவங்க தோசைக்கல்லுகூட அப்படியே வெச்சிருக்கோம்." "அது எங்கப்பா கல்லு. அத்தைக்கு டீ போடக்கூட வராது. இந்த ஜன்னலடியில உக்காந்து பதினோரு நாவல் எழுதினவங்கம்மா!" "டிரஸ்ட்ல சொல்றேன் மேடம்." சுற்றுலா வேனிலிருந்து இறங்கிய பெண்கள் பின்னால் வரிசையில் நெளிகிறார்கள். "ஆன்ட்டி, கொஞ்சம் வழி விடுங்க, அவசரம்." ஹெப்சிபா கதவை இழுத்துச் சாத்தி, அதன் முன்னால் நின்றுகொள்கிறாள். "உள்ளே எங்க அத்தை எழுதிக்கிட்டிருக்காங்க. இப்ப யாரும் போகக் கூடாது."