நண்டின் வருகைப் பதிவு

உப்பங்கழியில் படகு சவாரி தொடங்குவதற்கு முன், கரைவாசிகளின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். தலைமை, வெளியூரிலிருந்து வந்த கூழைக்கடாப் பறவை. வாசலில் ஈரக் களிமண் பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அதில் கால் பதித்துவிட்டு, ஆளுக்கொரு மீன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். பலகையின் தலைப்பகுதி மட்டும் ஏனோ காலியாக விடப்பட்டிருந்தது.

சேற்று நண்டு எட்டுக் காலையும் அழுத்திப் பதித்துவிட்டு உள்ளே போனது. முதலில் எழுந்து பேசியதும் அதுதான்.

"ஐயா, படகுத்துறை வரப்போற இடத்துலதான் எங்க வளையெல்லாம் இருக்கு. மேற்கே வெறும் பாறைதான். அங்க கட்டுங்க."

"அருமையான யோசனை," என்றது கூழைக்கடா. எல்லாரும் சிறகு தட்டினார்கள்.

மறுமாதமே வளைகளின் மேல் தூண் இறங்கியது. நண்டு ஓடிப்போய்க் கேட்டது. கூழைக்கடா காய்ந்த பலகையைக் காட்டியது. காலியாக இருந்த இடத்தில் இப்போது எழுதியிருந்தது: 'படகுத்துறைக்குச் சம்மதித்தவர்கள்.'

"நான் வேண்டாம்னுதானேய்யா சொன்னேன்?"

"வந்தீங்கல்ல? எட்டுக் காலும் தெளிவா இருக்கே."

மிச்சமிருந்த வளைகளின் பக்கம் இரண்டாவது படகுத்துறை என்று மறுபடி கூட்டம் அறிவித்தார்கள். "மீன் குடுப்பாங்க, வா," என்று நீர்க்கோழி கூப்பிட்டது.

"செத்தாலும் அந்தப் பலகையில கால் வைக்க மாட்டேன்," என்று நண்டு வளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் திரும்பி வந்த நீர்க்கோழி, வளை வாசலில் தயங்கி நின்றது.

"புதுப் பலகையில கடைசியா ஒரு வரி சேர்த்திருக்காங்க," என்றது. "வராதவர்களுக்கு ஆட்சேபணை இல்லை."