ஆளுருவகம்

"அவளுக்கு இன்னிக்கு என்னமோ கோளாறு. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கிறா. நாலு தட்டு தட்டினாத்தான் வழிக்கு வருவா" என்றபடி பஞ்சநதம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மோட்டாரைத் தட்டப் போறேன்னு தெளிவாச் சொல்லுங்க. பக்கத்து வீட்ல கேட்டா என்னைன்னு நினைச்சுக்குவாங்க" என்றாள் வள்ளியம்மை. உயர்நிலைப் பள்ளியில் அவள் தமிழாசிரியை. முப்பது வருஷமாக வீட்டிலும் திணைப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

"உன்னைத் தட்ட எனக்கு ஏது தைரியம்?"

"இளஞ்செழியன் எந்திரிச்சதும் டிபன் குடுத்து வயலுக்கு அனுப்பிட்டு ஸ்கூலுக்குப் போறேங்க."

"அனுப்பு. இறால் குட்டைப் பேச்சை மட்டும் எடுக்காம வரச் சொல்லு." நெல் வயலைக் குட்டை வெட்டக் குத்தகைக்கு விடலாம் என்று மகன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் சைக்கிளில் ஏறிப் போனார். அவள் குளிக்கப் போனாள்.

பத்தரை மணிக்கு அவர் அனுப்பிய குரல் செய்தியை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் கேட்டாள். அதற்குள் மோட்டார் கொட்டகைத் தொட்டியருகே, மண்டையில் அடிபட்டு, அவர் உயிர் போயிருந்தது.

மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஷோபனா அந்தச் செய்தியை மறுபடி ஓடவிட்டார்.

"வள்ளி, அவன் என்னை அடிச்சுட்டான். தல கிறுகிறுங்குது. நீ கொஞ்சம் வாயேன்."

சுவரோரப் பெஞ்சில் மருதையன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வயல்காரர். வாய்க்கால் மடையைத் திறப்பதில் போன வாரம் அவருக்கும் பஞ்சநதத்துக்கும் வாக்குவாதம் ஆனதை ஊரே பார்த்தது. ஒரு காலத்தில் கூலிக்கு நடவு நட்ட வீட்டுப் பிள்ளை மருதையன் சொந்தமாக வயல் வாங்கியதைப் பொறுக்காதவர்கள் வள்ளியம்மையின் உறவிலேயே நிறையப் பேர்.

"அவன்னா இவருதானே டீச்சர்? உங்க பையனும் இவர் பேரைத்தான் சொல்றாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலமே ரிமாண்டுக்கு அனுப்பிடுவேன்."

"நான் அன்னிக்கு அந்தப் பக்கமே போகலை டீச்சரம்மா. மடையில சண்டை போட்டேன், இல்லைங்கல. அண்ணன் மேல கைய வைப்பனா?" என்றார் மருதையன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை போலிருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் வள்ளியம்மை. கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மோட்டாருங்க" என்றாள்.

"என்னது?"

"அவர் அவன்னு சொன்னது மோட்டாரை. ஸ்டார்ட்டர் பெட்டியில கரண்ட் கசியுதுன்னு லைன்மேன் உங்ககிட்ட சொன்னாருல்ல? அதான் அடிச்சிருக்கு. தல கிறுகிறுத்துத் தொட்டி விளிம்புல விழுந்திருக்காரு."

"கரண்ட் அடிச்சா 'அடிச்சுது'ன்னுதானே டீச்சர் சொல்லணும்?"

"மத்தவங்க சொல்வாங்க. அவர் சொல்ல மாட்டாரு. மழை ஏமாத்திட்டான், சைக்கிள் படுத்துட்டான், மோட்டார் மக்கர் பண்றான். அவருக்கு உலகத்துல அஃறிணையே கிடையாது. உயிரில்லாததை ஆளாக்கிப் பேசுறது. ஆளுருவகம்னு பேரு."

"பர்சானிஃபிகேஷன்" என்றார் ஷோபனா. "என் பொண்ணு படிக்கிறா. வாக்கியத்தில் அமைச்சு எழுதுன்னா முழிப்பா." கொஞ்ச நேரம் வள்ளியம்மையையே பார்த்தார். பிறகு திரும்பி, "ஏட்டய்யா, எழுதிக்குங்க."

ஏட்டு தமிழரசன் எழுதி முடித்து உரக்க வாசித்தார். "மேற்படி மோட்டாரானது ஆள் உருவத்தில் வந்து என் கணவரை அடித்தது."

"பேய்க்கதை எழுதச் சொன்னனா உங்களை?" என்றார் ஷோபனா.

வள்ளியம்மை பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். 'அஃறிணைப் பொருள்களை ஆளுருவகமாகப் பேசுவது என் கணவரின் வழக்கம். குரல் செய்தியில் அவன் என்று அவர் குறிப்பிட்டது மோட்டாரையே.' ஒருமுறை படித்துப் பார்த்தாள். வாக்கியத்தில் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் மருதையன் கும்பிட்டார். "உங்க சொந்தக்காரங்க முகத்தைப் பார்த்தப்ப, என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அண்ணன் பேச்சு உங்களுக்குத்தான் புரியும் டீச்சரம்மா."

"ஆமா. எனக்குத்தான் புரியும்" என்றாள். "போய்ச் சாப்பிடுங்க."

அவள் வீட்டுக்கு வந்தபோது இளஞ்செழியன் ஹாலில் உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்குக் கொள்ளிவைத்து மொட்டையடித்த தலை, குழல்விளக்கில் வெளிறித் தெரிந்தது. பழக்கமில்லாத தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"என்னம்மா, மருதையனை உள்ள தள்ளிட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

அவன் எழுந்துவிட்டான். "ஏன் விட்டாங்க? அப்ப அப்பா அவன்னு சொன்னது யாரைன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"உன்னை மோட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."