தூக்கம் ஒன்று இருநூற்றைம்பது

நிம்மதியான தூக்கத்தின் விலை தலைக்கு இருநூற்றைம்பது ரூபாய் என்றாள் மெர்சி. முஸ்தபா நூறிலிருந்து ஆரம்பித்தார்.

"இருபத்துநாலையும் தூங்க வெக்கோணுங்க பாய். நூறு ரூபாய்க்கு எப்படிங்க கட்டும்?"

கருமத்தம்பட்டியில் முஸ்தபாவின் பெட்ஷீட் கம்பெனி ஆபீசில் இருபத்துநாலு கம்ப்யூட்டர்கள். ஆள் டீக்குப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போனாலும், அவை கண்விழித்துக் கரண்டைத் தின்றுகொண்டிருந்தன. பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாகத் தூங்கும்படி செட்டிங்கை மாற்றத்தான் மெர்சி வந்திருந்தாள். காந்திபுரத்தில் புதிதாகக் கடை போட்டவள். மூன்று மாத வாடகை பாக்கி. இந்த வேலையும் கைநழுவினால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"கூலிப் பேச்சே வேண்டாம் அம்மணி," என்றார் முஸ்தபா. "கரண்ட் பில்லு எவ்வளவு குறையுதோ அதுல பாதி உனக்கு. குறையலைன்னா வந்துபோன பஸ் காசும் உன் கைக்காசுதான்."

வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். "பாஸ்வேர்டுங்க?"

"அதெல்லாம் எங்க மாப்பிள்ளை இல்யாஸ்கிட்ட. சூரத்துல இருந்து வந்ததும் போன் பண்ணுவாரு."

போகும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனாள்: 'பத்து நிமிடம் தொடாவிட்டால் இது தூங்கிவிடும். எது எத்தனை முறை தூங்கியது என்ற பட்டியல் முதலாளிக்குப் போகும்.'

கணக்கு எழுதும் ஐயாசாமி அதை இரண்டு முறை படித்தார். டீக்கு எழுந்தவர், என்றும் இல்லாத அதிசயமாகக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"தூங்கறது கம்ப்யூட்டர்தானுங்களே, உங்களுக்கென்னங்க பயம்?" என்றாள் பக்கத்து மேசை ரம்ஷா.

"பாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. இன்க்ரிமெண்ட் நேரம் வேற. நாமளே முந்தி அணைச்சுப்போட்டா பட்டியல்ல பேரு வராதில்ல?"

ரம்ஷாவும் அணைத்துவிட்டு எழுந்தாள். அந்த வாரத்துக்குள் ஆபீஸ் முழுக்க அதே பழக்கம்.

இரண்டு மாதம் கழித்து முஸ்தபா கூப்பிட்டனுப்பினார். மெர்சி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். மேசைமேல் புதுப் பில். போன தடவையைவிடப் பன்னிரண்டாயிரம் குறைவு.

"நாலாயிரம் வாங்கிக்க."

"பாய், அது வந்துங்க..."

"சரி, அஞ்சு."

"ஐயோ, நான் அதைச் சொல்ல வரலீங்க."

முஸ்தபா நாற்காலியில் சாய்ந்து அவளைப் பாராட்டாகப் பார்த்தார். "வாயைத் தொறக்காமயே விலையை ஏத்தறயே. எனக்குத் தொழில் கத்துக்குடுத்த எங்க அத்தாகூட இப்படி யாவாரம் பண்ணுனதில்ல. போகுது, பேசுனபடி பாதி. ஆறாயிரம்."

"சத்தியமா ஒரு நிமிசம் கேளுங்க பாய்."

அவர் பெருமூச்சு விட்டு, ஆறாயிரத்தை எண்ணி வைத்து, அலமாரியிலிருந்து ஒரு டபுள் பெட்ஷீட்டை உருவி ரூபாய்க்கட்டின்மேல் வைத்தார். "இதுக்கு மேல ஒத்தப் பைசா பேராது."

வவுச்சரை எடுத்துத் தாமே எழுதினார்: 'இருபத்துநாலு கம்ப்யூட்டருக்கு செட்டிங் மாற்றிய கூலி ரூபாய் ஆறாயிரம், பெட்ஷீட் ஒன்று. பாக்கி இல்லை.' கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"கணக்கு நேராயிருச்சு. இப்ப சொல்லு, இன்னும் என்ன?"

"உங்க மாப்பிள்ளை போனே பண்ணலீங்க. நான் இன்னும் ஒரு கம்ப்யூட்டரையும் தொடலீங்க பாய். வேலையை என்னைக்கு ஆரம்பிக்கட்டும்?"