பின்சுவர்

"அப்பா, இந்தத் தகரக் கொட்டகைக்குக் கதவே இல்லையே, காவல்காரர் எப்படி வெளிய வருவாரு?" என்று நடீன் ஒருநாள் கேட்டாள்.

"கதவு பின்பக்கம்தானே கண்ணு வரணும், அங்க யாரு பாக்கப் போறா?" என்று சிரித்தார் ஹார்லன்.

ஸ்க்ரான்டன் நகரிலிருந்த தன் வீட்டு நிலவறையில் ஓடும் பொம்மை ரயிலுக்காக அவர் செய்த கொட்டகை அது. பழைய தகரம்போலத் தெரியக் கூரையில் துருநிறம் பூசி, உப்புத் தூவி, மேலே சாம்பல் நிறம் அடித்துச் சுரண்டியிருந்தார். பின்சுவர் வெறும் வெள்ளை அட்டை. உள்ளே அவர் யாரையும் வைக்கவில்லை.

ஒரு ஞாயிறு தேவாலயத்திலிருந்து வந்து, தூசு தட்டக் கொட்டகையைக் கவிழ்த்தபோது பின்சுவரின் உட்புறத்தில் மூன்று நகக்கீறல்கள் இருந்தன. அடுத்த ஞாயிறு பத்தொன்பது கீறல்கள்.

"மன்னிச்சுக்கப்பா," என்று ஹார்லன் கொட்டகைக்குள் பார்த்து முணுமுணுத்து, அங்கே ஒரு கதவை அறுத்துத் திறந்து வைத்தார். நிலவறையைப் பூட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தக் கதவு சாத்தியிருந்தது. வெள்ளைச் சுவர் முழுக்க, அவர் கைக்கே வராத நேர்த்தியில் துரு பூசப்பட்டிருந்தது. தூரிகை இன்னும் ஈரமாயிருந்தது.