எட்டிப் பார்க்கிற வேலை

“நேத்து நீங்க போட்ட அந்த சாப்ட்வேரை முதல்ல எடுத்துடுங்க,” என்றாள் அவள், அலுவலகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே.

கணவனுக்குச் சுருக்கென்றது. “கேம்ல கள்ளாட்டம் ஆடுறவங்களப் பிடிக்கிறதும்மா அது. எடுத்துட்டா என்னை ஆடவே விடமாட்டான்.”

“கம்ப்யூட்டர்ல இருக்கிற எல்லாத்தையும் பார்க்கும்.”

“நம்ம கம்ப்யூட்டர எவன் பார்க்கப் போறான்? இல்ல, எனக்குத் தெரியாம ஏதாவது மறைச்சு வச்சிருக்கியா?”

“மறைச்சது நீங்க. வேலை போய் ஒரு மாசமாச்சு. என்கிட்ட மூச்சு விடாம ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கிட்டிருக்கீங்க.”

“யா... யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அந்த சாப்ட்வேர் சந்தேகப்படுற ஆட்டக்காரங்களோட திரையைப் பார்க்கிறதுதான் என் வேலை. வீட்டுலகூடச் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருந்தாங்க. இன்னைக்கு உங்க திரை வந்துச்சு. வேலை போன கடிதம், விண்ணப்பம் எல்லாம் அதுல இருந்துச்சு.”

அவன் எதிரே இருந்த கம்ப்யூட்டரை அணைக்கப் போனான்.

“எந்த வீட்டுக்குள்ளயும் இனிமே எட்டிப் பார்க்கமாட்டேன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன்,” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நகருங்க. நானும் விண்ணப்பம் போடணும்.”